மூணாவது வரிசையில் நாலாவது பிள்ளை

இந்தக் கண்ணு வேண்டாம். இது மனுசக் கண்ணே இல்ல, ஜவுளிக்கடை வாசல்ல நிக்கிற பொம்மைக் கண்ணு. அழி, பின்னால போ, மொதல்ல இருந்து வா. படத்த வெட்டு, நேராக்கு, தெளிவாக்கு. போன்ல தெளிவாக்குன்னு அமுக்குனா ஒரு விளம்பரம் பாத்தாத்தான் தெளிவு குடுப்பானாம், முப்பது செகண்டு, எவளோ ஒருத்தி வளையலை ஆட்டி ஆட்டிச் சிரிக்கா, அது முடியுற வரைக்கும் செத்துப்போன எங்கக்கா உள்ள பொறுமையா நிக்கணும். முப்பத்தஞ்சு வருசம் நின்னவ இன்னும் முப்பது செகண்டு நிக்கமாட்டாளா. மத்தியானம் மணி ரெண்டே கால். அம்மா சுகர் மாத்திரையப் போட்டுட்டு உள் ரூம் கட்டில்ல கெடக்கா, குறட்டை வருது. நாலு மணிக்குள்ள படத்த அனுப்பிருங்க டீச்சர், ஆறு மணிக்கு பிரேம் போட்டுக் குடுத்துருதேன்னு பிரேம் கடை அந்தோணிசாமி அண்ணன் சொல்லியிருக்கார். நாளைக்கு தை மாசத்துக் கடைசி வெள்ளி, எங்க வீட்டுக் கன்னிக்குக் கும்பிடு. கல்யாணம் காட்சி பாக்காமப் போற பொம்பளப்பிள்ள அந்த வீட்டுக்கே தெய்வம், வருசத்துல ஒரு நாள் புதுப் பாவாடை சட்டை, ரிப்பன், கண்ணாடி வளையல், பவுடர் டப்பா எல்லாத்தையும் ஓலைப்பெட்டியில வச்சு, படத்துக்கு மாலை போட்டு, சக்கரைப் பொங்கல் வச்சுக் கும்பிடணும். எங்க கன்னி என் அக்கா செல்லக்கனி. ஒம்பது வயசுல மூளைக்காய்ச்சல் வந்து மூணே நாள்ல போய்ச் சேந்தா. எனக்கு அப்போ ஆறு வயசு. கும்பிட்டு முடிச்சதும் அந்தப் பாவாடைய ஒரு சின்னப்பிள்ளைக்கு உடுத்தி விடுவோம், ரொம்ப வருசம் நான்தான் உடுத்துனேன், பிறகு தெருவுல யாராவது ஒரு பிள்ளை. எனக்கு நாப்பத்தொண்ணு ஆயிட்டு, முட்டி வலிக்கு. அவளுக்கு இன்னும் அதே ஒம்பது வயசு அளவுக்குத்தான் தையக்காரர் தைச்சுக் குடுக்கார்.

தூத்துக்குடி உப்புக் காத்து இரும்புக் கேட்டையே தின்னுரும், காயிதத்த விடுமா. போன மழைக்குச் சுவர் ஊறி, காலையில படத்த எடுத்துத் தொடைச்சா கண்ணாடியோட சேந்து முகம் பாதி உரிஞ்சு வருது. அம்மா பாத்துட்டு "புதுசா ஒண்ணு போட்டுரு"ன்னா, சொல்லிட்டு வெண்டைக்காய நறுக்கப் போயிட்டா. நான் அழுவான்னு நெனச்சேன். சரி, நாமதான் படம் தெளிவாக்குறதுல கெட்டிக்காரியாச்சே. அங்கன்வாடி டீச்சருக்குப் பாதிப் பொழப்பு அதான், பிள்ளை எடை மிஷின்ல நிக்கிற படம், முட்டை திங்கிற படம், கை கழுவுற படம், மங்கலா இருந்தா திருப்பி அனுப்பிருவாங்க. வெளிச்சம் கூட்டுறது, நெழல அழிக்கிறது, ஓரத்துல கூட்டிட்டுச் சாத்துன வாரியல மறைக்கிறது எல்லாம் என் கட்டைவிரலுக்குத் தண்ணி பட்ட பாடு. அப்பா செத்தப்ப கூட நான்தான் படம் செஞ்சேன். உப்பு லாரி ஓட்டுன மனுசன், சட்டைக்கு மேல்பட்டன் போட்டுப் பாத்ததில்ல, கடைக்காரர் ஆசைப்பட்டு கோட்டும் டையும் மாட்டி விட்டுட்டார், அம்மா பாத்துட்டு "யாருட்டி இது, கலெக்டரா?"ன்னு கேட்டா. பிறகு பழகிட்டு. எல்லாம் பழகிரும். ஆனா இந்தப் படம் மட்டும் படிய மாட்டேங்கு. அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் சின்னதுல இருந்து பெருசாக்குன படம், பெருசாக்கும்போது முகம் பஞ்சா கலைஞ்சு போச்சு, அதுமேல அவர் பிரஷ்ஷ வச்சுக் கண்ணு, புருவம், பொட்டு எல்லாம் வரைஞ்சுட்டார். நான் தெளிவாக்குன்னா இந்தப் போன் அவர் வரைஞ்ச கண்ணத்தான் தெளிவாக்குது. இமை மயிரு ஒவ்வொண்ணா எழுந்து நிக்குது, உதடு சிவக்குது, நான் கேக்காமலே ரெண்டு கோட்டு வெள்ளையும் அடிச்சு விட்டுட்டான். அக்கா என்னவிடக் கறுப்பு. அது எனக்கு ஞாபகம் இருக்கு. வேற என்ன ஞாபகம் இருக்கு? முகம் ஞாபகம் இருக்கா? கண்ண மூடிப் பாக்கேன், ஈரச் சடை வாசம் வருது, முழங்கால் புண்ணு வருது, "எச்சி பண்ணாதட்டி"ங்குற சத்தம் வருது, முகம் வர்ற எடத்துல இந்தப் பிரஷ்ஷு முகம்தான் வந்து நிக்குது. சொந்த அக்கா முகத்த மறந்துட்டேன். வெக்கமா இருக்கு.

மறந்ததுக்கும் காரணம் நான்தான், அது வேற கதை. வேற கதை என்ன வேற கதை, அதே கதைதான், முப்பத்தஞ்சு வருசமா தொண்டையில மீன் முள்ளு மாரி நிக்குது, முழுங்கவும் முடியல துப்பவும் முடியல. பிரேமோட பின்பக்க அட்டையப் பிரிச்சேனா, அட்டைக்கும் படத்துக்கும் நடுவுல பத்திரமா இருக்கு பள்ளிக்கூட குரூப் போட்டோ, நாலாம் வகுப்பு. ஈரம் ஒரு ஓரத்தத்தான் தொட்டிருக்கு. அம்பது பிள்ளைக, அம்பதும் ரெட்டைச் சடை, அம்பதும் மடிச்சுக் கட்டுன ரிப்பன், அம்பதும் ஒரே சட்டை. மூணாவது வரிசைய எண்ணுனேன், எண்ணாமலே தெரியும். அஞ்சாவது பிள்ளைக்கு முகம் இல்ல. கழுத்து இருக்கு, சடை இருக்கு, முகம் இருக்கவேண்டிய எடத்துல ஈரக் கையால தடவி விட்ட மாரி ஒரு வெள்ளை இழுப்பு. அதான் எங்கக்கா. போட்டோக்காரர் துணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு "ஆடாம நில்லுங்க, ஆடாம நில்லுங்க"ன்னு சொல்லுதார், ஒண்ணாப்பு வகுப்பு விட்டு வந்து நான் வேப்பமரத்தடியில நிக்கேன், எனக்குப் பொறுக்கல, "எக்கா!"ன்னு ஒரு கத்து கத்துனேன், அவ சட்டுன்னு திரும்பிட்டா. அவ்வளவுதான். ஒரு மாசம் கழிச்சு அவ செத்துப்போனா. வீட்டுல அவ படம் வேற ஒண்ணு கூட இல்ல. அம்மா கண்ணு சொருகிப்போய்க் கெடக்கா, வாயில தண்ணி ஊத்துனாலும் வெளிய வருது. அப்பா மாசத்துல நாலு நாள் வீட்டுல இருந்தா பெருசு, ரெட்டைச் சடையும் சட்டையும் மாட்டி அம்பது பிள்ளையக் கண்ணு முன்னால நிறுத்துனா எந்த அப்பனுக்குத்தான் தெரியும், முழிச்சார், கடைசியில என்ன மடியில தூக்கி வச்சு, "இதுல அக்கா எதும்மா, தொட்டுக் காட்டு"ன்னார். அப்பா அழுது அன்னைக்குத்தான் மொதல் தடவ பாக்கேன். இந்த இழுப்புதான் அக்கான்னா, ஏன் இப்படி ஆச்சும்பார், நான் கூப்பிட்டதால ஆச்சுன்னு தெரிஞ்சுரும், அக்கா செத்ததும் நான் கூப்பிட்டதாலதான்னு ஆயிரும். ஆறு வயசு மூளை அப்படித்தான் கணக்குப் போட்டுச்சு. பக்கத்துல நாலாவதா ஒரு பிள்ள நல்லா சிரிச்சுக்கிட்டு நின்னுச்சு. அதும்மேல விரல வச்சேன்.

அந்த விரல்தான் இது. இப்போ போன்ல தேய்க்கிற அதே வலது கை விரல், நகம் மட்டும் மஞ்சளாயிருக்கு. பதினாறாம் நாள் அப்பா பெரிய படத்தக் கொண்டு வந்து அம்மா கையில குடுத்தார், அம்மா ரொம்ப நேரம் பாத்தா, நான் கதவுக்குப் பின்னால நின்னு மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன், இப்போ சொல்லப்போறா, இது என் பிள்ள இல்லன்னு கத்தப்போறான்னு. கத்தல. அவளே ஆணி அடிச்சு மாட்டுனா. கண்ணு மங்கிப்போச்சு, அழுது அழுது மங்கிப்போச்சு, படமும் பஞ்சு, எந்தப் பிள்ளைன்னாலும் ஆமான்னு சொல்லலாம்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். பிறகு வருசா வருசம் மாலை. நானும் விழுந்து கும்பிடுதேன், யார் வீட்டுப் பிள்ளைன்னே தெரியாத பிள்ளைய, தெய்வமேன்னு. பரீட்சைக்கு, வேலைக்கு, எனக்கு நின்னுபோன கல்யாணத்துக்கு, எல்லாத்துக்கும் இவகிட்டதான் கேட்டேன். சரி, நடந்தது நடந்துபோச்சு, நாளைக்குக் கும்பிட ஒரு படம் வேணும், அம்மாவுக்குப் பழகுன முகம் வேணும். அதனால குரூப் போட்டோவையே மறுபடி போன்ல எடுத்து, நாலாவது பிள்ளைய மட்டும் வெட்டி, தெளிவாக்குன்னு அமுக்குனேன். வளையல்காரி வந்து ஆட்டிட்டுப் போனா. ஒரு வெள்ளைக் கோடு படத்து மேல மேல இருந்து கீழ நகர்ந்து போச்சு, அது போற வழியெல்லாம் மூட்டம் வெலகுது, நெத்தி வந்துச்சு, அகல நெத்தி, அப்புறம் புருவம், இடது புருவத்து நடுவுல ஒரு வெட்டுத் தழும்பு, பிறகு கண்ணு. ஆத்தாடி. பிரஷ்ஷுக் கண்ணு இல்ல, நெசக் கண்ணு, என்னத்தான் பாக்குது. முன்பல்லுல ஒண்ணு ஒண்ணு மேல ஏறியிருக்கு. எங்க வீட்டுல யாருக்கும் அப்படிப் பல்லு கெடையாது. நேருல ஒரு அந்நியப் பிள்ள வந்து கதவத் தட்டி, என்ன எதுக்கு இத்தன வருசம் இங்க அடைச்சு வச்சீங்கன்னு கேட்ட மாரி இருந்துச்சு. உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. ஆனா பாருங்க, அந்தப் புல்லரிப்போடயே படத்த அந்தோணிசாமி அண்ணனுக்கு அனுப்பியும் விட்டுட்டேன். மணி ரெண்டு அம்பது. வேலைய முடிச்சுறணும்னு ஒரு புத்தி, அங்கன்வாடி புத்தி. சரி டீச்சர்னு உடனே பதில் வந்துட்டு.

அப்பத்தான் போன் கேட்டுச்சு. படம் வச்சிருக்கிற எடத்துல அதுபாட்டுக்கு முகத்தையெல்லாம் பிரிச்சுப் பிரிச்சு அடுக்கி வைக்கும், அம்மாவுக்கு ஒரு வட்டம், எனக்கு ஒரு வட்டம், அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு வட்டம். நடுநடுவுல கேள்வி கேக்கும், இவங்க ஒரே ஆளா வேற வேற ஆளான்னு. பிள்ளைகளக் கொழப்பிக்கிட்டுக் கேக்கும், நானும் ஆமா இல்லன்னு அமுக்கி விடுவேன், பொழுது போகும். இப்போ ரெண்டு வட்டம் வந்திருக்கு. இடது வட்டத்துல நான் இப்போ தெளிவாக்குன பிள்ள. வலது வட்டத்துல ஒரு பொம்பளை. தலையில துணி கட்டியிருக்கு, கன்னம் ஒட்டிப்போயிருக்கு. "ஒரே நபரா?" கீழ ஆம், இல்லை, உறுதியா தெரியவில்லை. யாரு இது. என் போன்ல இவ எப்படி வந்தா. நான் எடுத்தேனா. எனக்கு இந்த மூஞ்சியத் தெரியாது. வெரல் இல்லைக்குப் போச்சு, போன வெரல் நின்னுட்டு. ஏன்னா இடது புருவத்து நடுவுல வெட்டு. மாத்தி மாத்தி ரெண்டு வட்டத்தையும் பெருசாக்குதேன், பெருசாக்குனா மங்குது, மங்குனா பயம் கொறையுது, சின்னதாக்குனா தெளியுது. சீ, கூறுகெட்டவளே, இது தெளிவாக்குன படம்ட்டி. புருவத்துல உள்ள வெட்டு பழைய படத்துல கீறலா இருக்கும், கீறல இவன் தழும்புன்னு நெனச்சு வரைஞ்சிருப்பான். இவனே வரைஞ்சு இவனே கேக்கான். குரூப் போட்டோவ எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாத்தேன். அந்தப் புருவத்துப் பக்கம் காயிதத்துல கீறலே இல்ல. அந்த வலது வட்டத்தத் தொட்டா இன்னும் மூணு படம் விரியுது. மொத்தம் நாலு எடத்துல இந்தப் பொம்பளை என் போன்ல இருக்கா.

ஒண்ணொண்ணாத் தொறந்தேன். தொறக்காம இருந்திருக்கலாம். மொதப் படம் எட்டு வருசத்துக்கு முன்னால மாதா கோயில் திருவிழா, தேர் வர்ற கூட்டம், முன்னால அம்மா நிக்கா, பின்னால நாலஞ்சு தலைக்கு அங்கிட்டு இவ, நல்லா கொழுகொழுன்னு, ஏறுன பல்லு தெரிய யாரோடயோ சிரிக்கா. ரெண்டாவது ஒரு தீவாளிக்கு ஜவுளிக்கடை வாசல், அம்மா பையோட நிக்கா, கண்ணாடிக் கதவுகிட்ட இவ. மூணாவது பஸ் ஸ்டாண்டு, அம்மா பெஞ்சுல, இவ டீக்கடை ஓரமா, கொஞ்சம் இறங்கிப்போன ஆளா. நாலாவது ரெண்டு வாரத்துக்கு முன்னால, அம்மாவக் கண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போன பெரியாஸ்பத்திரி, வராந்தாவுல அம்மா நிக்கா, எதுத்த பெஞ்சுல இவ, தலையில துணி, கையில ஊசிப் பிளாஸ்திரி, முடி எல்லாம் போயிருக்கும் போல, சேலை உடம்புல தங்கல. நாலு படத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சுக்கிட்டே வாரா. உசிரோட இருக்கிறவங்க படத்துக்கு மாலை போட்டா ஆயுசு அறுந்துரும்னு சொல்லுவாங்க, கல்யாண வீட்டுல கூட படத்துக்குப் பூ வைக்க வேண்டாம்னு தள்ளி வைப்பாங்க. நாங்க முப்பத்தஞ்சு மாலை போட்டிருக்கோம். வெளக்கு ஏத்தியிருக்கோம், பொட்டு வச்சிருக்கோம், பொங்கலப் படைச்சு வா தாயேன்னு கூப்பிட்டிருக்கோம். கூப்பிட்டா வரணும்லா. வர்றதுன்னா எப்படி வர்றது, செத்துத்தானே வரணும். சும்மா கெட, பைத்தியம் மாரி யோசிக்காத, ஊருன்னா நாலு எடத்துல நாலு பேரு எதுப்படத்தான் செய்வாங்க, நோவுன்னா யாருக்கும் வரும், டாக்டரக் கேட்டா காரணம் சொல்லுவார், மாலையினால வந்துச்சுன்னு எந்த டாக்டரும் எழுதமாட்டார். சரிதான். ஆனா மாலை போட்டது நெசம், விரல வச்சதும் நெசம். அந்தோணிசாமி அண்ணன் கடையில இந்நேரம் பிரிண்டு ஓடிக்கிட்டு இருக்கும். இந்தத் தடவை பஞ்சு இல்ல, இந்தத் தடவை பிரஷ்ஷு இல்ல, தழும்பு வரைக்கும் தெளிவா இருக்கு, நாளைக்குப் போடுற மாலை தப்பாம அவ கழுத்துல போய் விழும். ஆனா அம்மாகிட்ட எப்படிச் சொல்ல? எழுவத்தி ரெண்டு வயசுல அவ கும்பிட்ட சாமிய, இது உம்மவ இல்லம்மான்னு எந்த வாயால சொல்ல?

குறட்டை நின்னு ரொம்ப நேரமாச்சுன்னு அப்பத்தான் தோணுச்சு. நிமிந்து பாத்தா அம்மா கதவப் பிடிச்சுக்கிட்டு என் தோளுக்குப் பின்னால நிக்கா. எப்போ வந்தா தெரியல. கண்ணு என் மூஞ்சியில இல்ல, போன்ல. கைய நீட்டுனா, நான் ஏன் குடுத்தேன்னு தெரியல, குடுத்துட்டேன். கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு அந்தத் தலையில துணி கட்டுன முகத்தப் பாத்தா. "மெலிஞ்சிட்டா"ன்னா. சாம்பாருக்கு உப்புக் கொறைச்சல்ங்குற மாரி சாதாரணமா. "யாரும்மா இது?"ன்னேன். "ஞானசெல்வி. நம்ம செல்லா பக்கத்துல உக்காந்து படிச்ச பிள்ள. மட்டக்கடைப் பக்கம் கட்டிக் குடுத்திருக்கு, ரெண்டு பிள்ளைக." "உனக்கு எப்படிம்மா..." "எப்படின்னா? படத்துல இருக்கிறது யாருன்னு பெத்தவளுக்குத் தெரியாதாட்டி?" சொல்லிட்டு அப்படியே என் பக்கத்துல தரையில உக்காந்துட்டா, அவளுக்குத் தரையில உக்காந்தா எந்திரிக்க முடியாது, டாக்டர் உக்காரக்கூடாதுன்னு சொல்லியிருக்கார், நான் அதத்தான் மொதல்ல நெனச்சேன், பாருங்க புத்திய. "அன்னைக்கே தெரியுமா?"ன்னேன். "உங்கப்பா படத்தக் கையில குடுக்காரு, அதே நேரம் அந்தப் பிள்ள நம்ம வாசல்ல நிக்குது. செல்லாவோட சிலேட்டக் குடுக்க வந்திருக்கு. நல்லா எண்ணெ தேச்சுச் சடை போட்டு, குத்துக்கல்லு மாரி நிக்குது. எம்பிள்ள மண்ணுக்குள்ள கெடக்கா, இவ படத்துல என்னத்தப் பாத்துச் சிரிக்கான்னு வயிறு எரிஞ்சிட்டு. நான்தான் ஆணி அடிச்சேன். தெரிஞ்சுதான் அடிச்சேன்." எங்கம்மா. நாய்க்குட்டி குறுக்க வந்தாக் கூட ஒதுங்கிப் போறவ. "ஒரு வருசம் போனதும் வெறி தணிஞ்சிட்டு, கழட்டிருவோம்னு பாத்தேன், பயமாயிட்டு. கழட்டுன அன்னைக்கு அவளுக்கு எதுவும் ஆயிட்டுன்னா? கழட்டாம இருந்து எதுவும் ஆனா? ரெண்டுக்கும் பயந்து பயந்து, அவ இருக்காளா இருக்காளான்னு பாத்துக்கிட்டே கெடந்தேன். அவ கல்யாணத்துக்கு சர்ச்சு வாசல்ல போய் நின்னேன். தெருவுல போனா பின்னாலயே போவேன். நீ போன் வாங்குன பிறகுதான் கொஞ்சம் நிம்மதி." நிம்மதியா? அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. படம்னா மூஞ்சியத் திருப்பிக்கிறவ எங்கம்மா, ஆதார் அட்டைக்குக் கூட அதட்டித்தான் நிறுத்துனோம். அவளா வந்து "இங்கன நிக்கேன், ஒரு படம் எடு"ன்னு கேட்டது மொத்தமே நாலு தடவ. நாலு தடவையும் எங்க நிக்கணும்னு அவதான் எடம் பாத்து நின்னா. நான் அம்மாவ எடுக்கேன்னு நெனச்சேன், அவ தனக்குப் பின்னால நிக்கிறவள என்ன வச்சு எடுக்க வச்சிருக்கா. "ராத்திரி நீ தூங்குன பிறகு பாத்துக்கிடுவேன்"ன்னா, கொழந்த மாரி.

இந்த மனுசி பக்கத்துலயா நான் இத்தன வருசம் படுத்திருந்தேன். தள்ளி உக்காரணும் போல இருந்துச்சு, தள்ளி உக்காந்தா பாவமாவும் இருந்துச்சு. நான் பண்ணுனதச் சொல்லிட்டேன். வேப்பமரம், கூப்பாடு, அப்பா மடி, விரல், எல்லாம் ஒரே மூச்சுல கொட்டிட்டேன், நாப்பத்தொரு வயசுல மூக்கு ஒழுக அழுதுக்கிட்டே. அம்மா என் தலையத் தடவல, திட்டவும் இல்ல. "யாரு தொட்டுக் காட்டுனா என்ன. மாட்டுனது நான்லா"ன்னா. பிறகு குரூப் போட்டோவ எடுத்து அஞ்சாவது பிள்ளைய, அந்த இழுப்ப, கண்ணுகிட்ட வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தா. "இவளத் தெளிவாக்க முடியாதா?"ன்னு கேட்டா. நானும் போன வச்சு எடுத்து அமுக்கிப் பாத்தேன், வளையல்காரி சிரிச்சு முடிச்சா, முகம் எதுவும் இல்லன்னு வந்துச்சு. மறுபடி அமுக்குனேன், அதேதான் வந்துச்சு. அம்மா முந்தானையால போட்டோவத் தொடைச்சா, தொடைச்சுக்கிட்டே என்னப் பாக்காமச் சொல்லுதா: "போன வியாழக்கிழம கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கப் போறேன்னு சொல்லிட்டு தனியாப் போனேன்லா. அவளப் பாக்கத்தான் போனேன். பொம்பளைங்க வார்டுல ஜன்னலோரக் கட்டில்னு நீ படம் எடுத்த அன்னைக்கே பாத்து வச்சிருந்தேன். அவ இல்ல. வேற யாரோ கெடந்தா." "வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்கம்மா." "இருக்கும். நர்சுகிட்டக் கேக்க வாய் வரல." தெருவுல மீன்காரி போறா. அம்மா மெதுவாக் கேட்டா, என்கிட்டக் கேட்டாளா தன்கிட்டக் கேட்டுக்கிட்டாளா தெரியல: "ஏட்டி, அவ போயிட்டான்னா... அப்போ அந்தப் படம் சரியாயிரும்லா?"

சீன்னு சொல்லியிருக்கணும். என்னம்மா பேசுதன்னு அவ வாயப் பொத்தியிருக்கணும். நான் சொல்லல. ஏன்னா அவ கேட்ட அந்த நிமிசம் என் நெஞ்சுக்குள்ள ஏதோ ஒண்ணு அப்பாடான்னு உக்காந்துச்சு. நெசமாவே உக்காந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. செத்துட்டான்னா செத்தவ படத்துக்குத்தான் மாலை, தப்பு இல்ல, விரல் பட்ட பாவம் இல்ல, யாருக்கும் சொல்லவேண்டாம், நாளைக்குப் பொங்கல் வைக்கலாம். ரெண்டு பிள்ளைகளோட தாயி. அவ எங்களுக்கு என்ன பாவம் செஞ்சா, சிலேட்டக் குடுக்க வந்தா. அந்த அப்பாடாவக் கண்டு எனக்கு வந்த பயம் இருக்கே, இது வரைக்கும் எந்தப் பேய்க்கும் நான் அப்படிப் பயந்ததில்ல. அந்நேரம் பாத்துப் போன் அடிக்குது. அந்தோணிசாமி அண்ணன். "டீச்சர், படம் அம்சமா வந்திருக்கு, பிள்ள உசிரோட நிக்கிற மாரியே இருக்கு. கீழ தோற்றம், மறைவுன்னு தேதி போடணும்லா, மறைவு என்னைக்குன்னு சொல்லுங்க, போட்டுருதேன்." "அண்ணே, போடாதீங்க"ன்னேன். "எத, தேதியவா?" "படத்தையே போடாதீங்க, மாட்டாதீங்க, இன்னும் ஒண்ணும் போடாதீங்க." சரி டீச்சர்னு வச்சுட்டார். வச்ச பிறகுதான் என் வாயில வந்த வார்த்தை என் காதுல விழுது. இன்னும். ஏன் இன்னும்னு சொன்னேன்? போடாதீங்கன்னு மட்டும் சொன்னாப் போதாதா, எதுக்குக் காத்திருக்கச் சொன்னேன் அவர? அம்மாவும் அதக் கேட்டுட்டா, அவ கண்ணத் தாழ்த்துன விதத்துலயே தெரிஞ்சுது. நான் எந்திரிச்சு முகத்தக் கழுவிட்டு வந்து, "எந்திரி, நாலு மணிக்குப் பாக்க விடுவாங்க, ஆஸ்பத்திரியில கேப்போம், இல்லன்னா மட்டக்கடையில அவ வீட்டுக்கே போயிருவோம், உள்ள போய்ப் பாத்து உக்காந்து பேசிட்டு வருவோம்"ன்னேன். அம்மா என் கையப் பிடிச்சு, முட்டியில கைய ஊனி, மூணு தடவ முயற்சி பண்ணி எந்திரிச்சா. பீரோவத் தொறந்தா. உள்ள பச்சைக் கலர் பூனம் சேலையும், துக்க வீட்டுக்குப் போறதுக்குன்னே மடிச்சு வச்சிருக்கிற நரைச்ச வெள்ளைச் சேலையும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. ரெண்டு மேலயும் ஒவ்வொரு கைய வச்சுக்கிட்டு என்னத் திரும்பிப் பாத்தா. "எந்தச் சேலையட்டி கட்ட?" எனக்கு எப்படித் தெரியும். தெரியாது. "பச்சையக் கட்டும்மா"ன்னேன், பக்கத்து வீட்டுக்குக் கேக்குற மாரி, தொண்டை கிழிய. அவ ரொம்ப நேரம் அப்படியே நின்னா, பிறகு பச்சைய எடுத்தா.